இடது கால் பக்கம்

ஹாக்கியில் கோல் கீப்பருக்கு மரியாதை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். ஆட்டம் முழுக்கப் பந்தைத் தடுத்தவனிடம் வந்து, அந்த ஒன்றை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில்களை இங்கே எழுத முடியாது.

என் ஊர் வாடிப்பட்டிக்குப் பக்கம். வேலை கப்பலூரில், ரப்பர் வாஷர் அடிக்கும் ஒரு கம்பெனியில். ஷிப்ட் முடிந்ததும் நான்கு வழிச் சாலையில் பைக்கை விரட்டினால் வெளிச்சம் போவதற்குள் மைதானத்துக்கு வந்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தொடங்கிய ஆட்டம். இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், நான் இன்னும் கோல் போஸ்டில் நிற்கிறேன். மாநில அணித் தேர்வுக்கு இரண்டு முறை போனேன். கடைசிவரை வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். அதைப் பற்றிப் புலம்ப எனக்கு விருப்பமில்லை. என்னைவிட நன்றாக நின்றவன் போனான், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் ஓட முடியாதவனைத்தான் கீப்பராக்குவார்கள். எனக்கு ஓட்டம் நன்றாகவே வரும். ஆனால் வாய் அதிகம். முன்னால் ஆடவிட்டால் நடுவரோடு சண்டை போடுகிறேன் என்று பின்னால் தள்ளினார்கள். பின்னால் நின்றும் சண்டை போட்டேன். அப்போது பேடு வாங்க வழியில்லை. பழைய மெத்தையைக் கிழித்து, பஞ்சைச் சாக்கில் திணித்து, சைக்கிள் டியூபால் காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். ஹாக்கிப் பந்து கல் மாதிரி இருக்கும். மண் தரையில் அது எங்கே எகிறும் என்று அடித்தவனுக்கே தெரியாது. என் தாடையில் இருக்கும் தழும்பைப் பார்த்து, கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பைக்கில் விழுந்தீர்களா என்று கேட்கிறார்கள். விழவில்லை, நின்றேன் என்று சொல்வேன்.

பிறகு உண்மையான பேடு வந்தது, ஹெல்மெட் வந்தது, காலணிக்கு மேல் மாட்டுகிற கிக்கர் வந்தது. எல்லாம் யாரோ மதுரையில் பயன்படுத்தித் தள்ளியவை. எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் திணித்து வைத்திருந்தேன். வியர்வையில் ஊறி ஊறி அந்தப் பைக்கு ஒரு நாற்றம் வந்துவிட்டது. என் மனைவி அதை வீட்டுக்குள் விட மாட்டாள். மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கும். பஸ்ஸில் அதை ஏற்றினால் கண்டக்டருக்குச் சந்தேகம் வரும்.

"பைக்கு லக்கேஜ் போடணும்ணே. உள்ள என்ன, பொணமா?"

"மோந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

ஒருவர் உண்மையாகவே குனிந்து மோந்து பார்த்தார். அதற்குப் பிறகு லக்கேஜும் கேட்கவில்லை, என் பக்கமும் வரவில்லை.

அந்தப் பையோடு நான் போகாத ஊர் இல்லை. திண்டுக்கல் பக்கம், சிவகாசி பக்கம், ராமநாதபுரம் பக்கம் என்று ஞாயிற்றுக்கிழமை எங்கே போட்டி நடந்தாலும் எங்கள் கிளப் போகும். போன இடத்தில் பெரும்பாலும் சிறந்த கீப்பர் பரிசு எனக்குத்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பரிசாக எல்லா ஊரிலும் சுவர்க் கடிகாரமே கொடுத்தார்கள். ஒன்றுக்கொன்று நேரம் ஒத்துப்போகாது. "மிக்சி குடுக்கிற ஊரு ஒன்னுகூடவா இல்ல?" என்று என் மனைவி கேட்பாள்.

வெளியூரில் இப்படி. சொந்த ஊரில் என் பெயர் சல்லடை.

அதற்குக் காரணம் சொல்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் எங்கள் ஊரில் கோப்பைப் போட்டி நடக்கும். பள்ளிக்கூடம் லீவு, வெளியூர் அணிகள் வகுப்பறையில் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு தெரு சோறு போடும். சோறு போட்ட தெரு அந்த அணிக்குத்தான் கை தட்டும். அந்த அணி எங்கள் ஊர் அணியோடு மோதினாலும் சரி, கை தட்டு அவர்களுக்குத்தான். என் தெரு சோறு போடுவது தெற்கே கரிசல் காட்டிலிருந்து வரும் ஓர் அணிக்கு. அவர்கள்தான் எங்களுக்குச் சரியான போட்டி. ஆக, இறுதிப் போட்டியில் என் தெருவே எனக்கு எதிராகக் கத்தும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்ததைப் பொறுக்க முடியாது.

போட்டியை நடத்துகிற ஊர் இறுதிப் போட்டி வரை வரலாம். வந்தால்தான் கூட்டம் சேரும். ஆனால் கோப்பையைத் தொடக் கூடாது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம். இது எங்கும் எழுதி வைத்த விதி இல்லை. கமிட்டிக்குத் தெரியும், ஆடுகிறவர்களுக்குத் தெரியும். பார்க்கிற சனத்துக்குத் தெரியாது.

முதல் தடவை இது என் தலையில் விழுந்ததை மறக்க மாட்டேன். இறுதிப் போட்டி இடைவேளை. கிளப் செயலாளர் தானே தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வாடிப்பட்டியில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் எங்கள் அணியில் கோலுக்கு முன்னால் தடுத்து ஆடிய ஃபுல் பேக். எனக்குப் பேடு தேடிக் கொண்டுவந்தவரும் அவர்தான், கப்பலூர் வேலைக்குச் சொல்லிவிட்டவரும் அவர்தான்.

"குடி மாப்ள" என்றார். குடித்தேன்.

"ஒன்னு விட்ரு."

"என்னண்ணே?"

"ஒன்னே ஒன்னு. வந்தவன் சந்தோசமாப் போகணும்."

"அப்ப முன்னாடி ஆடுறவன்ட்டச் சொல்லுங்க, கோல் அடிக்காதன்னு."

"அவன் அடிக்காட்டி சனம் கண்டுபுடிச்சிரும். நீ விட்டா யாருக்கும் தெரியாது. கீப்பர் விடுறது சகசந்தானே."

இதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. முன்னால் ஆடுகிறவர்கள் எல்லோரும் நன்றாக ஆடலாம், கை தட்டு வாங்கலாம். கடைசியில் ஊர் மானத்தை விற்றவன் என்ற பெயர் மட்டும் எனக்கு. ஆனால் அவர் பயந்ததிலும் அர்த்தம் இருந்தது. மேற்கே ஓர் ஊரில் நடத்துகிறவர்களே கோப்பையையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெளி அணிகள் வருவதை நிறுத்தின. போட்டி நின்றது. மைதானத்தில் இப்போது பிளாட்டுக் கல் நட்டிருக்கிறது. எங்கள் மைதானமும் சாலை ஓரம்தான். போட்டி நின்றால் அதற்கும் கல் வந்துவிடும் என்று அவர் தூக்கமில்லாமல் கிடந்தது எனக்குத் தெரியும். அதனால் விட்டேன். அடுத்த வருடமும் அவர் பாட்டிலோடு வந்தார். அதற்கு அடுத்த வருடமும். மற்றவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவர ஆள் உண்டு. செயலாளரே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தால் அர்த்தம் அதுதான்.

விடுவதற்கும் திறமை வேண்டும். சும்மா நின்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் எப்போதும் இடது கால் பக்கம், தரையோடு வரும் பந்தைத்தான் விடுவேன். இடது முழங்காலில் எனக்கு ஒரு பழைய அடி உண்டு. கேட்டால் அதைக் காட்டிக்கொள்ளலாம். கேட்கவும் கேட்டார்கள். காட்டினேன். யாரும் மனம் இரங்கவில்லை.

எல்லோரையும் பொறுத்தேன், என் மாமனாரைத்தான் பொறுக்க முடியவில்லை. அவருக்குத் திருமங்கலத்தில் மாட்டுத் தீவனக் கடை. மகளைப் பார்க்க வரும் சாக்கில் எங்கள் ஊர் இறுதிப் போட்டிக்கு மட்டும் வருடம் தவறாமல் வருவார். அது ஒன்றுதான் அவர் பார்த்த ஹாக்கி. அதில் நான் ஒவ்வொரு வருடமும் கோல் விடுவேன். மரியாதை குறையாமல் பேசுவார். அதுதான் இன்னும் எரியும்.

"மாப்ள, கோவிச்சுக்கிறாதீங்க. அந்த எடத்துல ஒரு எருமையக் கட்டிப் போட்ருந்தா, ரெண்டு பந்தாவது அது மேல பட்டு நின்டுருக்கும்."

ஒரு முறை பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "மாமா, அது நானா விட்டுக் குடுத்தது."

வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். "தோத்தவன் அம்புட்டுப் பேரும் அதத்தான் சொல்லுவான் மாப்ள. எங் கடையில புண்ணாக்கு பூத்துப்போனா, நானும் மழை மேலதான் பழியப் போடுவேன்."

வீட்டுச் சுவரில் இருந்த கடிகாரங்களைக் காட்டினேன்.

"கடிகாரம் கடையிலயும் விக்கிறான்" என்றார்.

பேச்சு எடுபடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவர் கண் முன்னால், எங்கள் ஊர் மண்ணில், ஒரே ஒரு இறுதிப் போட்டியில் முழுதாக நின்று காட்டினால்தான் உண்டு. ஆனால் ஒவ்வொரு மே மாதமும் பாட்டில் வந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒரு வருடம் கம்பெனியில் ஷிப்ட் மாற்றினார்கள். பயிற்சிக்கு வர முடியவில்லை. முழங்காலும் மக்கர் செய்தது. இந்த மே மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று கிளப்பில் சொல்லிவிட்டேன். யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. அப்போதே எனக்குள் ஏதோ எரிய ஆரம்பித்துவிட்டது.

இறுதிப் போட்டியன்று மதியம். எங்கள் தெருவில் பந்தல் போட்டுக் கரிசல் அணிக்குச் சாப்பாடு. முட்டைக் குழம்பு. என் மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். அந்த அணியின் முன்னாட்டக்காரன் ஒருவன், எங்கள் ஊரில் எனக்கு அதிகமாகக் கோல் போட்டவன், அவள் யாரென்று தெரியாமல் பேசியிருக்கிறான்.

"இன்னக்கியும் கோப்பை எங்களுக்குத்தான்க்கா. உங்க ஊரு கீப்பருக்கு எடது காலே வராது. அந்தப் பக்கம் தரையோட தள்ளிவிட்டாப் போதும், கதவு தொறந்தே கெடக்கும்."

என் மனைவி அவன் இலையில் இன்னொரு முட்டையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். நான் படிக்குக் கீழே பேடைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"அப்பா வாசல்ல உக்காந்து கேட்டுச் சிரிக்கிறாரு."

"நீ ஏன் அவனுக்கு முட்டை வச்ச?"

"சாப்புட வந்தவனுக்கு வைக்காம? சோறு நான் போடுறேன். கோலையும் நாமளே போட்டுக் குடுக்கணுமா? இன்னக்கி நீங்களா ஒன்னு விட்டீங்க, இந்தப் பையோட சேந்து நீங்களும் படிக்குக் கீழதான்."

சாயங்காலம் மைதானத்தில் இடமில்லை. சுவர் மேல், டிராக்டர் மேல், பள்ளிக்கூட மாடியில் எல்லாம் ஆள். முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் அடித்தோம். என்னிடம் வந்த பந்துகளை எல்லாம் தடுத்தேன். ஒன்று மார்பில் பட்டு மூச்சு நின்றது. அதுவும் உள்ளே போகவில்லை. இடைவேளை வந்தது. நான் எதிர்பார்த்தபடியே செயலாளர் பாட்டிலோடு மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார்.

"குடி மாப்ள."

வாங்கினேன். மூடியைத் திறந்தேன். போஸ்டுக்கு முன்னால் மண் பொடியாகக் கிடந்தது. பாட்டிலைக் கவிழ்த்து அந்த இடத்தில் முழுதும் ஊற்றினேன்.

"என்ன பண்ற?"

"புழுதி அடங்கட்டும்ணே."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்துப்போனது. "வேணாம்யா. அடுத்த வருசம் எவனும் வர மாட்டான். இந்தக் கிரவுண்டு போயிரும்."

"நான் விட்டுக் குடுத்துத்தான் இந்தக் கிரவுண்டு நிக்கணும்னா, நிக்கவே வேணாம்."

"நான் உனக்கு என்ன செய்யல?"

"எல்லாம் செஞ்சிங்க. அதனாலதான் இம்புட்டு வருசம் குடிச்சேன். இன்னக்கித் தாகம் இல்ல."

காலிப் பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். அவர் திரும்பி நடந்து போனதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

இரண்டாம் பாதியில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கார்னர். அடித்த பந்து நேராக என்னிடம்தான் வந்தது. நடுவில் எங்கள் ஆள் ஒருவன் ஸ்டிக்கை நீட்டினான். அதில் பட்டுத் திசை மாறி உள்ளே போய்விட்டது. யாராலும் தடுக்க முடியாத கோல். தலையைத் தூக்கிப் பார்த்தால், செயலாளர் கோட்டு ஓரத்தில் நின்று என்னைப் பார்த்துக் கை கூப்புகிறார். நான் மனம் மாறி விட்டுவிட்டேன் என்று நினைத்துவிட்டார். அந்தக் கோபத்தில் மீதி ஆட்டம் முழுக்க எனக்கு முழங்கால் வலி தெரியவில்லை. என்னைத் தாண்டி ஓர் எறும்பு போகவில்லை.

ஆட்டம் சமனில் முடிந்தது. பெரிய போட்டிகளில் இப்போது பந்தை உருட்டிக்கொண்டு ஓடி வந்து அடிக்கிறார்கள். எங்கள் ஊரில் இன்னும் பழைய முறைதான். போஸ்டுக்கு முன்னால் ஓர் இடத்தில் பந்தை வைப்பார்கள். அடிப்பவன் ஒருவன், தடுப்பவன் ஒருவன். பந்து கிளம்பும்வரை கீப்பரின் கால் கோட்டை விட்டு அசையக் கூடாது. ஐந்து பேர் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும்.

கடைசி அடி அவர்களுக்கு. அப்போது நாங்கள் ஒன்று கூடுதல். தடுத்தால் கோப்பை எங்களுக்கு. விட்டால் மறுபடி முதலிலிருந்து. அடிக்க வந்தவன் மதியம் முட்டை சாப்பிட்டவன்.

என் தெரு முழுக்க அவனுக்காகக் கத்தியது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் வலது பக்கத்தை உற்றுப் பார்த்தான். நான் சிரித்தேன். ஹெல்மெட்டுக்குள் சிரித்தது அவனுக்குத் தெரிந்திருக்காது. இவன் வலது பக்கம் அடிக்க மாட்டான். இத்தனை வருடம் இவனுக்கு நான் ஒரே கதவைத்தான் திறந்து காட்டியிருக்கிறேன். பதற்றத்தில் ஒருவன் தெரிந்த கதவைத்தான் தள்ளுவான்.

நடுவர் விசில் ஊதினார். அவன் தள்ளினான். இடது பக்கம், தரையோடு. காலை விரித்து முழு உடம்பையும் அந்தப் பக்கம் போட்டேன். பந்து கிக்கரில் மோதியது. தகரத்தில் கல் விழுந்த மாதிரி சத்தம். போஸ்டைத் தாண்டி வெளியே போய், மண்ணில் உருண்டு நின்றது.

சொந்த ஊர் கோப்பை வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் சனத்துக்கு மறந்துபோயிருந்தது. பிறகு ஒரு பாத்திரச் சத்தம் கேட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த குண்டானில் என் மனைவி கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் மைதானம் வெடித்தது. என்னைத் தூக்கினார்கள். பேடு, ஹெல்மெட், நாற்றம் எல்லாவற்றோடும் தூக்கினார்கள். கீப்பரைத் தூக்கி நான் எங்கேயும் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் தூக்கினார்கள்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் அந்த முன்னாட்டக்காரன் வந்தான்.

"அண்ணே, அந்தப் பக்கம் உங்களுக்கு வராதே?"

"வரும்."

"அப்ப முன்னாடியெல்லாம்?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன். "விட்டேன்."

"எத்தன வருசம்?"

"நீ ஜெயிச்ச அம்புட்டு வருசமும்."

அவன் முகம் சுண்டிப்போனது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன், திருப்பியும் கொடுத்திருப்பேன். அவன் மண்ணில் உட்கார்ந்தான்.

"எங்கம்மா அந்தக் கோப்பையெல்லாம் சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்குண்ணே."

"எங்க ஊருச் சோறு மாதிரிதான் அதுவும். போட்டோம், நீ சாப்புட்ட."

"அசிங்கப்படுத்திட்டீங்களே." கொஞ்ச நேரம் ஸ்டிக்கால் மண்ணைக் கிளறினான். "அடுத்த மே மாசம் வாரேன். நீங்கதான் நிக்கணும்."

"நான் இன்னையோட நிறுத்தியாச்சு."

"அதெல்லாம் எங்கிட்டச் சொல்லாதீங்க. நெசமா ஒன்னு அடிக்காம நான் உங்கள விட மாட்டேன்."

என் மாமனாரைத் தேடினேன். வீட்டுக்கு வராமல் நேராக பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். நான் பேடைக்கூடக் கழற்றாமல் போனேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எனக்குத் தெரிந்து அவர் எனக்காக எழுந்தது அதுதான் முதல் தடவை. டீக்கடைக்காரரிடம், "இது எம் மாப்ள" என்றார். டீக்கடைக்காரருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். இருந்தாலும் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப, நீங்களா விட்டதுன்னு சொன்னிங்களே, அது நெசந்தானா?"

"நெசம் மாமா. செயலாளர் விடச் சொன்னாரு."

வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார். "அப்ப நீங்க நின்ன எடத்துல எருமையக் கட்டிருக்க வேண்டியதில்ல மாப்ள. அந்தாளக் கட்டிப் போட்ருக்கணும்."

மறு வருடம் நான் நிறுத்தவில்லை. கம்பெனியில் சண்டை போட்டு ஷிப்டை மாற்றிக்கொண்டேன். ஒன்றிரண்டு அணிகள் வரவில்லை, அது உண்மை. ஆனால் இந்த ஊரில் இப்போது யாரும் விட்டுக்கொடுப்பதில்லை என்று கேள்விப்பட்டுப் புதிதாக வந்த அணிகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து இறங்கியது கரிசல் அணியின் வேன். அந்த முன்னாட்டக்காரன் இறங்கியதும் என் மனைவியிடம் முதலில் கேட்டது, "அண்ணன் நிக்கிறாருல்லக்கா?"

மறுபடியும் அவர்களோடுதான் இறுதிப் போட்டி. இடைவேளையில் செயலாளர் பாட்டிலோடு வந்தார். நான் முறைத்தேன்.

"தண்ணிதான்யா" என்றார். "வெறும் தண்ணி."

குடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

அன்றும் நாங்களே ஜெயித்தோம். ஆனால் அதற்கு முன்னால் அவன் ஒன்று அடித்தான். வலது பக்கம், தோளுக்கு மேலே. முழு நீளத்துக்குப் பாய்ந்தும் என் கைக்கு எட்டவில்லை. என் வாழ்நாளில் நான் வாங்கிய கோல்களில் அதுதான் சுத்தமான கோல். அவன் கோப்பையையே வாங்கியவன் மாதிரி ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான். என் தெரு எழுந்து நின்று கை தட்டியது. என் மாமனாரும் தட்டினார். நானும் தட்டினேன். கையில் கனமான கிளவுஸ் இருந்ததால் சத்தம்தான் வரவில்லை.